உங்களுக்குத் தெரியுமா? ஃபேன் கேட்கும் கார்டும் ஃபேன் கேட்காத கட்டடமும்!

கம்ப்யூட்டர் மதர்போர்டில் கிராபிக்ஸ் கார்டைச் செருகுகிற நீளமான ஸ்லாட் இருக்கிறதே, அது கார்டுக்குக் கொடுக்கும் மின்சாரத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 75 வாட்! இப்போது அண்ணாந்து பாருங்கள். உங்கள் தலைக்கு மேல் சுற்றும் பழைய சீலிங் ஃபேன் இழுப்பதும் ஏறக்குறைய அதே 75 வாட்!

அந்த 75 வாட்டில் ஓடும் ஜிடிஎக்ஸ் 1650 கார்டை ஃபேனே வைக்காமல் பாலிட் நிறுவனம் விற்றது. பெயர் கால்ம்எக்ஸ். சுற்றும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. சத்தம்: பூஜ்யம்!

அதோடு விடவில்லை. 2024-ல் ஆர்டிஎக்ஸ் 3050 கார்டுக்கும் அதே வேலையைச் செய்தார்கள். 70 வாட் சூட்டை வெறும் உலோகத் தகடுகளே வாங்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன!

இப்போது மறுபக்கம் வாருங்கள். 2025 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 எவ்வளவு இழுக்கும் தெரியுமா? 575 வாட்! சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு வெளியே விடும் சூடு சுமார் 100 வாட். ஆக, அந்தக் கார்டை முழு வேகத்தில் ஓட விட்டால் உங்கள் அறைக்குள் கிட்டத்தட்ட ஆறு பேர் வந்து உட்கார்ந்த மாதிரி!

அந்தக் கார்டின் சில்லு எவ்வளவு பெரியது? 7.5 சதுர சென்டிமீட்டர். ஒரு தபால்தலை அளவு! அந்தத் தபால்தலைக்குள் 9,220 கோடி டிரான்சிஸ்டர்கள்!

இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டு கொதிக்கிறது என்று கையை இழுத்துக்கொள்கிறோம். அதே பரப்பளவுக்குக் கணக்குப் போட்டால் இந்தச் சில்லு கக்கும் சூடு இஸ்திரிப் பெட்டியைப் போல பத்து மடங்குக்கு மேல்! பாண்டி கடற்கரையில் கத்திரி வெயில் உச்சியில் மணலில் விழும் சூட்டோடு ஒப்பிட்டால்? 500 மடங்குக்கு மேல்!

575 வாட் சூட்டைக் காற்றில் ஏற்றி அனுப்ப வேண்டும், காற்று 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால் எவ்வளவு காற்று வேண்டும்? நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். வினாடிக்கு 50 லிட்டர்! வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் வாட்டர் கேனை நினைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு இரண்டரை கேன். நிமிடத்துக்கு 150 கேன்! ஃபேன் இல்லாமல் இவ்வளவு காற்று அந்தப் பெட்டிக்குள் தானாக நடந்து வராது!

கிராபிக்ஸ் கார்டு பிறந்தபோதே ஃபேனோடு பிறந்ததா? இல்லவே இல்லை! 1996-ல் விளையாட்டுப் பிரியர்களைப் பைத்தியமாக அடித்த 3டிஎஃப்எக்ஸ் வூடூ கார்டில் ஃபேன் மட்டுமல்ல, சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகடுகளான ஹீட் சிங்க்கூடக் கிடையாது. மொட்டைச் சில்லு!

மூன்றே வருடம். 1999-ல் என்விடியா ஜீஃபோர்ஸ் 256 வந்தது. ‘உலகின் முதல் ஜிபியு’ என்று அவர்களே பட்டம் சூட்டிக்கொண்ட கார்டு. அதன் தலையில் ஒரு குட்டி ஃபேன் ஏறி உட்கார்ந்துவிட்டது!

2003-ல் வந்த ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ராவின் ஃபேன் போட்ட சத்தத்துக்கு ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர் ‘டஸ்ட்பஸ்டர்’. கையில் பிடித்துத் தூசி உறிஞ்சும் மெஷினின் பெயர்! என்விடியாவே தன் கார்டைக் கேலி செய்து ஒரு வீடியோ எடுத்து வெளியிட்டது. தன் பொருளைத் தானே கிண்டலடித்த கம்பெனியை வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்!

2022-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-ன் எடை 2 கிலோவுக்கு மேல்! மொட்டைச் சில்லில் தொடங்கி இரண்டு கிலோ உலோகம் வரை. இடையில் ஓடியது 26 வருடம்தான்!

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? ஃபேன் காற்றைக் குளிர வைப்பதே இல்லை. ஒரு டிகிரிகூட! சூடான காற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் புதுக் காற்றைக் கொண்டுவந்து நிறுத்துகிறது, அவ்வளவுதான். அறை 38 டிகிரியில் இருந்தால், எவ்வளவு பெரிய ஃபேன் மாட்டினாலும் சில்லு 38-க்குக் கீழே இறங்காது!

இதனால்தான் வெளிநாட்டு ரிவியூக்களைப் படித்துவிட்டு நம் ஊரில் கார்டு வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். அங்கே 21 டிகிரி அறையில் சோதித்து ‘75 டிகிரிதான்’ என்பார்கள். அதே கார்டு நம் ஊரில் மே மாத மதியம், 36 டிகிரி அறையில்? 90-ஐத் தொடும்! கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தைக் கத்திரி தின்றுவிடும்!

இனி நம் ஊர்ப் பெருமைக்கு வருகிறேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை!

ஃபேன் இல்லாமல் சூட்டை வெளியேற்றும் வித்தையை மூன்று மாடிக் கான்கிரீட் கட்டடமாகவே பாண்டியில் கட்டி வைத்திருக்கிறார்கள். வேலை தொடங்கிய வருடம் 1937! பெயர் கோல்கோந்த். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடம். கடற்கரைச் சாலையிலிருந்து நடந்தே போய்விடலாம்!

அதை வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். செக் நாட்டில் பிறந்தவர். அமெரிக்காவுக்குப் போய், அங்கிருந்து கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டோடு டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் கட்டப்போன ஆள். டோக்கியோவில் ஹோட்டல் கட்டியவர் கை பாண்டியில்!

கட்டும் இடத்திலேயே நின்று வேலை பார்த்தவர்கள் இருவர். ஒருவர் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேவின் அலுவலகத்தில் பணியாற்றிய செக் நாட்டவர் ஃபிரான்டிஷெக் சாமர். இன்னொருவர் ஜார்ஜ் நகாஷிமா, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். பின்னாளில் மரச்சாமான் உலகத்தின் மாபெரும் பெயர். அவருக்கு ஸ்ரீ அரவிந்தர் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? சுந்தரானந்தா!

பெயர்க் காரணம் கேட்டால் இன்னும் அசந்து போவீர்கள். ஐதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி மூலமாக நிஜாம் அரசிலிருந்து வந்த நன்கொடை 1 லட்சம் ரூபாய்! அந்த நன்றிக்குத்தான் கோல்கொண்டாவின் பெயர். பாண்டி பிரெஞ்சு ஊர் அல்லவா, கோல்கொண்டா கோல்கோந்த் ஆகிவிட்டது!

மதியம் மூன்று மணிக்கு அந்தத் தெருவில் நின்று நிமிர்ந்து பாருங்கள். சுவர் என்று நினைப்பது சுவரே அல்ல! இந்த முனையிலிருந்து அந்த முனை வரை படுக்கைவசமாக அடுக்கிய பலகைகள். ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டில் வார்த்தவை. ஓர் அறையில் பாதி திறந்திருக்கும், பக்கத்து அறையில் முழுதாக மூடியிருக்கும், அதற்கடுத்ததில் கத்தி விளிம்பு மாதிரி ஒரு கீற்று மட்டும் தெரியும். உள்ளே இருப்பவர் தன் கையாலேயே சாய்த்துக்கொள்ளலாம். வெயில் வெளியே நிற்கும், காற்று உள்ளே நுழையும். கண்ணாடி ஜன்னலுக்கு அங்கே வேலையே இல்லை!

கட்டடத்தின் நீளமான இரண்டு முகமும் எந்தத் திசை பார்க்கின்றன? வடக்கும் தெற்கும்! தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை. தென்றலுக்கு ஒரு முகம், வாடைக்கு ஒரு முகம்! காலை வெயிலுக்கும் மாலை வெயிலுக்கும் கிடைப்பது குறுகலான இரண்டு பக்கம் மட்டுமே!

அறைக் கதவும் மூச்சு விடும்! தேக்கு மரச் சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிய தள்ளுகதவுகள். உள்ளே இருப்பவர் தெரியமாட்டார், காற்று மட்டும் தடையில்லாமல் போகும்!

கூரை ஒன்றல்ல, இரண்டு! தட்டையான கான்கிரீட் தளம். அதன் மேல் வளைந்த மெல்லிய கான்கிரீட் ஓடுகள். நடுவே காற்று ஓட இடைவெளி. உச்சி வெயிலை மேல் ஓடு வாங்கிக்கொள்ளும். கீழ்த் தளத்துக்கு வருவது மிச்சம்தான்!

கைப்பிடி, தாழ்ப்பாள் செய்யப் பித்தளைக்கு எங்கே போனார்கள்? அன்பர்கள் கொண்டுவந்து கொடுத்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கினார்கள்! யார் வீட்டுச் சொம்போ, யார் வீட்டுக் குடமோ, இன்று கதவைத் திறக்கும் கைப்பிடி!

இதற்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஃபேன் இல்லாத ஹீட் சிங்க்கை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். வரிசை வரிசையாகத் தகடுகள். நடுவே தாராளமான சந்து. கோல்கோந்தின் பலகைகளைச் சுருக்கி உள்ளங்கையில் வைத்த மாதிரியே இருக்கும்!

ஃபேன் வைத்த கார்டில் தகடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஃபேன் இல்லாததில் தள்ளித் தள்ளி நிற்கும். காரணம் ஒரே வரி: தள்ளிவிட ஆள் இல்லாத காற்று நெருக்கத்துக்குள் நுழையாது!

திசையும் முக்கியம்! சூடான காற்று மேலே போகத்தான் பார்க்கும். ஆனால் நாம் வாங்கும் செங்குத்தான டவர் கேபினட்டில் கார்டு படுத்தபடி மாட்டிக்கொள்கிறது, அதன் ஹீட் சிங்க் கீழே பார்த்துத் தொங்குகிறது. எழும்பும் சூடு போய் முட்டுவது எங்கே? கார்டின் மீதே! ஃபேன் இல்லாத கார்டுக்கு இதைவிட மோசமான திசை கிடையாது!

இரண்டு சக்கர உதாரணம் வேண்டுமா? 1955 முதல் நம் சென்னையில் தயாரான புல்லட்டின் என்ஜினைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடுகள் தெரியுமே, அது ஹீட் சிங்க்! ஃபேன் கிடையாது. வண்டி ஓட ஓட எதிர்க்காற்றே குளிர்விக்கும். பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரிலோ என்ஜின் தகட்டு மூடிக்குள் ஒளிந்திருக்கும். எதிர்க்காற்று எட்டாது. அதனால் உள்ளே ஒரு ஃபேன் வைத்தார்கள்! புல்லட் கோல்கோந்த் கட்சி, சேத்தக் 5090 கட்சி!

பளபளக்கும் அலுமினியம்தான் நன்றாகச் சூடு விடும் என்று நினைக்கிறீர்களா? தலைகீழ்! கதிர்வீச்சாகச் சூட்டை விடுவதில் கறுப்பு ஆனோடைஸ் செய்த அலுமினியம், பாலிஷ் போட்டதைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டி!

சூட்டைக் கடத்துவதில் செம்பு, காற்றைவிட எத்தனை மடங்கு தெரியுமா? சுமார் 15,000 மடங்கு! அதனால்தான் சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே மயிரிழை அளவு காற்றுகூட இருக்கக் கூடாது என்று தெர்மல் பேஸ்ட் தடவுகிறார்கள்!

கார்டுக்குள் வளைந்து போகும் செம்புக் குழாய் வெறும் செம்பு அல்ல. உள்ளே தண்ணீர்! சில சொட்டுத்தான். காற்றை முழுதாக உறிஞ்சிவிட்டு மூடியிருப்பதால் 100 டிகிரி வரை காத்திருக்காமல் 40, 50 டிகிரியிலேயே ஆவியாகும். சூடான முனையில் ஆவி, குளிர்ந்த முனையில் மறுபடி தண்ணீர். அதே சொட்டு, வருடக்கணக்காகப் போய்ப் போய் வரும்!

அந்தக் குழாயின் யோசனைக்கு ரிச்சர்ட் காக்லர் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த வருடம் 1942. குளிர்சாதனப் பெட்டிக்காக! அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 1963-ல் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் மறுபடி கண்டுபிடித்தார். இன்று உங்கள் லேப்டாப்பிலும் இருக்கிறது!

ஃபேன் கட்சிக்கும் ஒரு சபாஷ் போட வேண்டும். ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் அது இழுக்கும் மின்சாரம் பாதியாகாது. எட்டில் ஒரு பங்காகிவிடும்! சத்தமோ சுமார் 15 டெசிபல் குறையும்! சின்ன ஃபேன் வெறிபிடித்துச் சுற்றுவதைவிடப் பெரிய ஃபேன் நிதானமாகச் சுற்றுவது மேல் என்று கார்டு செய்பவர்கள் கண்டுகொண்டது இதனால்தான்!

புதுக் கார்டு வாங்கி மாட்டியதும் ‘ஃபேன் சுத்தலையே சார்’ என்று பதறிக்கொண்டு கடைக்கு ஓடுபவர்கள் இன்றும் உண்டு. கார்டில் கோளாறே இல்லை! சும்மா இருக்கும்போது பல கார்டுகள் ஃபேனை நிறுத்தியே வைக்கும். சூடு 50, 60 டிகிரியைத் தாண்டினால்தான் சுழலும். அதாவது பாதி நேரம் கோல்கோந்த், பாதி நேரம் சேத்தக்!

கடற்கரை ஊருக்கென்று ஒரு கண்டுபிடிப்பு, என் கண்ணால் பார்த்தது. நெல்லித்தோப்பில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர் ஒருவர் தன் சிபியுவைத் திறந்து காட்டினார். துடைத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கார்டின் மூன்று ஃபேனுக்கும் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு போர்வை! ஊதினால் பறக்கவில்லை. உப்புக் காற்றின் ஈரம் தூசியைப் பிசைந்து தகட்டோடு ஒட்ட வைத்திருந்தது. பெயின்ட் பிரஷ்ஷை வைத்து அரை மணி நேரம் சுரண்டினோம். மூடி மாட்டி, அதே வீடியோவை ஓட விட்டார். 86 டிகிரி காட்டிய கார்டு 71-க்கு இறங்கியது. பிரஷ்ஷின் விலை 30 ரூபாய்!

பக்கத்து மேஜையில் பில் போடும் கம்ப்யூட்டர். அதில் 19 வாட் ஜிடி 710, ஃபேன் இல்லாதது. திறந்து பார்த்தோம். தகட்டின் மேல் மெல்லிய தூசி மட்டும். ஒரே ஊது, போயே போய்விட்டது! உறிஞ்ச ஆள் இல்லையென்றால் தூசிக்கும் அங்கே வேலை இல்லை!

பெரிய கம்ப்யூட்டர் கூடங்களில் இருக்கும் கார்டுகளில் ஃபேன் இருக்காது தெரியுமா? என்விடியாவின் டெஸ்லா பி40 இழுப்பது 250 வாட். அதில் ஒரு ஃபேன்கூட இல்லை! மாயமா? இல்லை. அது உட்காரும் சர்வர் பெட்டியின் முகப்பில் ஒரு வரிசை ஃபேன்கள் ஊளையிட்டுக்கொண்டு நிற்கும். ‘ஃபேன் இல்லாதது, மலிவாகக் கிடைக்கிறது’ என்று அதைப் பழைய விலைக்கு வாங்கி வீட்டு சிபியுவில் அப்படியே மாட்டினால் கொஞ்ச நேரத்திலேயே கொதித்துவிடும்!

திருச்சி என்ஐடியில் 2022 மே 25 அன்று ஒரு சூப்பர் கம்ப்யூட்டரை அர்ப்பணித்தார்கள். பெயரைக் கேளுங்கள்: பரம் பொருள்! வேகம் 838 டெராஃபிளாப்ஸ். ஃபேனை நம்பாமல் திரவத்தைச் சில்லுக்குப் பக்கத்திலேயே ஓட விட்டுச் சூட்டை அள்ளும் முறை அதில் இருக்கிறது!

ஃபேனை வெறுத்தவர்களில் முதலிடம் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு! 1980-ல் வந்த ஆப்பிள் 3 கம்ப்யூட்டரில் ஃபேன் வைக்கவே கூடாது என்றார். சூட்டில் சில்லுகள் இருக்கையைவிட்டு எழும்பின. அதற்குச் சொன்ன வைத்தியம்? கம்ப்யூட்டரைச் சில அங்குலம் தூக்கி, மேஜை மேல் தொப்பென்று போடுங்கள்!

அவர் விட்டாரா? 2000-ல் பவர் மேக் ஜி4 கியூப். மறுபடியும் ஃபேன் இல்லை! நடுவே புகைபோக்கி மாதிரி ஒரு வழி. கீழே குளிர்ந்த காற்று நுழையும், மேலே சூடாக வெளியேறும். பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். ஆயுள் ஒரே வருடம்!

அந்தப் புகைபோக்கியை நம் தமிழ் வீடுகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டன! பாண்டியின் தமிழர் பகுதியில் ஒரு பழைய வீட்டுக்குள் போய் நில்லுங்கள். வாசலில் திண்ணை, உள்ளே முற்றம். சூடான காற்று முற்றம் வழியாக மேலே ஏறும், அந்த இடத்துக்குத் தெருப் பக்கக் காற்று தாழ்வாரம் வழியாக ஓடி வரும். மதியத் தூக்கத்துக்குப் பாட்டி ஏன் முற்றத்து ஓரத்தைப் பிடித்தார் என்று இப்போது புரிகிறதா!

ஊரே அப்படித்தான்! கடலைப் பார்த்து நேர்நேராக ஓடும் பாண்டித் தெருக்களின் கட்டத் திட்டம் பிரெஞ்சுக்காரர்கள் போட்டதல்ல. 1693 முதல் 1699 வரை இங்கே இருந்த டச்சுக்காரர்கள் போட்டது! மதியத்துக்கு மேல் கடலிலிருந்து கிளம்பும் கொண்டல் காற்று இந்தத் தெருக்களில் வளையாமல் நேராக உள்ளே வருகிறது!

கடைசியாக, பாண்டியின் முதல் ‘ஃபேன் இல்லாத கம்ப்யூட்டர்’! கேட்டால் சிலிர்க்கும்!

1825. ஜான் வாரன் என்ற ஆள் பாண்டியில் குடியிருக்கிறார். சென்னை வானாய்வுக் கூடத்தைக் கவனித்தவர். 1802-ல் கோலார் தங்கத்தின் தடத்தைத் தேடிப்போனவரும் இதே வாரன்தான்! உள்ளூர்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரை அழைத்து, வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணக்குப் போடச் சொன்னார். அந்த மனிதர் காகிதம் கேட்கவில்லை. பேனா கேட்கவில்லை. தரையில் சோழிகளை வைத்தார். நகர்த்தினார். அட்டவணை முழுக்க மனப்பாடம், சொற்களாகவும் அசைகளாகவும்! சோழி நகர நகர, கிரகணம் தொடங்கும் நேரம், நடு நேரம், முடியும் நேரம் எல்லாம் வந்துவிட்டன.

அந்தக் கிரகணம் 1825 மே 31-க்கும் ஜூன் 1-க்கும் நடுவே வந்தது. முடியும் நேரம் 52 நிமிடம் தவறியது உண்மை. தொடங்கும் நேரத்தில் பிழை எவ்வளவு தெரியுமா? வெறும் 4 நிமிடம்! செலவான மின்சாரம்: 0 வாட்!